கிரீன்லாந்தில் ஆங்கிலம் எவ்வளவு தூரம் செல்லும்?

டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் கிரீன்லாந்தில் ஆங்கிலம் எந்த அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறது, டேனிஷ் தெரியாத ஒருவர் அங்கே சுற்றுலாவுக்கோ வேலைக்கோ போனால் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி.

தலைநகர் நூக்கிலும், பனிப்பாறைகள் மிதக்கும் இலுலிசாட்டிலும் ஒரு வாரம் தங்கி, சாப்பிட்டு, படகேறிச் சுற்றிவிட்டுத் திரும்ப ஆங்கிலம் தாராளமாகப் போதும். அதே நூக்கில் வாடகை ஒப்பந்தம் போடவோ, வரி அலுவலகக் கடிதத்தைப் படிக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ போனால் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிடும். கிழக்குக் கரையில் 200 பேர் வாழும் ஒரு கிராமத்துக்குப் போனால், கடையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கே கைச்சைகை வேண்டியிருக்கும். ஆகவே 'எத்தனை சதவீதம் பேர் ஆங்கிலம் பேசுகிறார்கள்' என்று கேட்பதில் பயன் குறைவு. எந்த ஊர், எந்த வயதுக்காரர், என்ன காரியம் என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் உருப்படியாக இருக்கும்.

முதலில் அடிப்படை நிலவரம். மக்கள்தொகை ஏறத்தாழ 57,000. அதில் மூன்றில் ஒரு பங்கு நூக்கில் இருக்கிறது. மற்றவர்கள் மேற்குக் கரையோரச் சிறு நகரங்களிலும், வடக்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடக்கும் கிராமங்களிலும் வாழ்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், ஹெலிகாப்டர், படகு, பனிக்காலத்தில் சில இடங்களில் நாய் வண்டி, அவ்வளவுதான். ஒரு நகரத்தில் வளரும் மொழிப் பழக்கம் பக்கத்து ஊருக்குத் தானாகப் பரவாததற்கு இதுவே பெரிய காரணம். 2009 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டத்தின்படி ஆட்சிமொழி ஒன்றே ஒன்று: கலாலிசுத் எனப்படும் கிரீன்லாந்து மொழி. டேனிஷ் சட்டப்படி ஆட்சிமொழி இல்லை என்றாலும் அலுவலகம், உயர்கல்வி, மருத்துவம் என்று எங்கும் அது இல்லாமல் வேலை நடப்பதில்லை. ஆங்கிலம் மூன்றாவதாக வருகிறது.

எல்லோருக்கும் மூன்றாவது என்றும் சொல்ல முடியாது. ஆட்சிமொழி என்று எழுதப்படுவது மேற்குக் கரைப் பேச்சு. கிழக்குக் கரையில் தாசீலாக், இட்டோகோர்டூர்மீட் பக்கம் சுமார் 3,000 பேர் பேசுவது அதிலிருந்து மிகவும் விலகிய இன்னொரு பேச்சு. வடகோடியில் கானாக் வட்டாரத்தில் 1,000 பேருக்கும் குறைவானவர்கள் பேசுவது கனடா இன்யூட்டுகளின் (கிரீன்லாந்துக்காரரும் சேர்ந்த ஆர்க்டிக் பூர்வகுடி இனம்) மொழிக்கு நெருக்கமானது. தாசீலாக்கில் பிறந்த குழந்தை வீட்டில் கிழக்குப் பேச்சு பேசும், பள்ளியில் மேற்குப் பேச்சில் எழுதப் படிக்கக் கற்கும், பிறகு டேனிஷ், அதற்குப் பிறகு ஆங்கிலம். அதன் வாழ்க்கையில் ஆங்கிலம் நான்காவது. அங்கே ஆங்கிலம் தட்டுப்படாதது ஏன் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆர்க்டிக்கின் மற்ற இன்யூட் நாடுகளோடு ஒப்பிட்டால்தான் கிரீன்லாந்தின் நிலைமை எவ்வளவு வித்தியாசமானது என்று தெரியும். அலாஸ்காவிலும் கனடாவிலும் இன்யூட்டுகளை ஆண்டது ஆங்கிலம். அலாஸ்காவின் இனூபியாக் மக்களில் பெரும்பாலோருக்கு இன்று ஆங்கிலமே முதல் மொழி. கனடாவின் நுனாவுட்டில் இன்யூட் மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. கிரீன்லாந்துக்கு 1721இல் பாதிரியார் ஹான்ஸ் எகெடே வந்தது டென்மார்க்–நார்வே அரசின் ஆதரவோடு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அரச வணிக நிறுவனம் தீவைப் பூட்டியே வைத்திருந்தது. அயல்நாட்டுக் கப்பல்கள் இஷ்டப்படி வந்து போக முடியாது. டேவிஸ் நீரிணையில் நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் ஓடிய காலத்திலும் ஆங்கிலம் கரையேறி வேரூன்றவில்லை. மிஷனரிகள் உள்ளூர் மொழியிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1861இலேயே கலாலிசுத்தில் செய்தித்தாள் வந்துவிட்டது. இன்றைக்கு 50,000 பேர் அளவில் அன்றாடம் பேசும், பாட்டு முதல் சட்டம்வரை எழுதும் மொழியாக அது நிற்பதற்கு இந்த எழுத்து வரலாறு பெரிய துணை.

அமெரிக்கர்கள் வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டுமே என்று தோன்றலாம். 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தபின், 1941 முதல் நார்சர்சுவாக்கிலும் காங்கர்லுசுவாக்கிலும் அமெரிக்க விமானத் தளங்கள் எழுந்தன. 1951 ஒப்பந்தத்துக்குப் பிறகு வடக்கே தூலே தளம் வந்தது. 2023இல் அதன் பெயர் பிடுஃபிக் விண்வெளித் தளம் என்று மாற்றப்பட்டது. ஆனால் தளங்களை ஊர்களிலிருந்து தள்ளியே வைத்தார்கள், சிப்பாய்களும் ஊர்மக்களும் கலப்பதை டேனிஷ் நிர்வாகம் விரும்பவில்லை. தூலே வட்டாரத்து இன்யூட்டுகளை 1953இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கானாக்குக்கு இடம்பெயர்த்துவிட்டார்கள். விமான நிலையங்கள் மிச்சமாயின, ஆங்கிலம் மிச்சமாகவில்லை. காங்கர்லுசுவாக் மட்டும் விதிவிலக்கு. 1992வரை அமெரிக்கத் தளமாக இருந்து, பிறகு 2024வரை நாட்டின் முக்கிய விமான நிலையமாகவும், அமெரிக்க ஆய்வாளர்களின் வாசலாகவும் நீடித்ததால், சுமார் 500 பேர் வாழும் அந்த ஊரில் ஆங்கிலம் சகஜம்.

இதற்கு நேர்மாறாக, 1953இல் குடியேற்ற நாடு என்ற நிலை முடிந்து கிரீன்லாந்து டென்மார்க்கின் ஒரு பகுதியாக ஆனபின், டேனிஷ் வெள்ளம்போல வந்தது. டேனிஷ் ஆசிரியர்கள், டேனிஷ் பாடநூல்கள், டேனிஷ் பேசத் தெரிந்தால்தான் முன்னேற்றம் என்ற எண்ணம். 1960, 70களில் பள்ளிக்குப் போனவர்களில் பலருக்கு இன்றும் சரளமான டேனிஷ் உண்டு, ஆங்கிலம் குறைவு. 1979இல் உள்நாட்டுத் தன்னாட்சி வந்தபின் பள்ளிகள் கலாலிசுத்தின் பக்கம் திரும்பின. அதற்குப் பிந்திய தலைமுறையில் டேனிஷ் சமமாக இல்லை. நூக்கில் நன்றாகப் பேசுவார்கள், சிறு ஊர்களில் தடுமாறுவார்கள். 2002இல் கொண்டுவந்த பள்ளிச் சீர்திருத்தம் டேனிஷைத் தொடக்க வகுப்பிலிருந்தும், ஆங்கிலத்தை நடுநிலை வகுப்புகளிலிருந்தும் கற்பிக்க வழி செய்தது. காகிதத்தில் பார்த்தால் பத்தாம் வகுப்பு முடிக்கும் எல்லோருக்கும் ஆங்கிலம் வந்திருக்க வேண்டும். நடைமுறையில் கிராமப் பள்ளியில் ஓரிரு ஆசிரியர்களே பல வகுப்புகளையும் பல பாடங்களையும் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களில் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவர் அரிது. பெரிய வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வீட்டை விட்டு நகரத்து விடுதிக்குப் போக வேண்டும். அதற்குள் அடித்தளம் எப்படி அமைந்ததோ அப்படியே நிற்கும்.

வயதை வைத்து ஒரு தோராயமான கணக்குச் சொல்லலாம். அறுபதைத் தாண்டியவரிடம் டேனிஷில் தொடங்குவதே பலனளிக்கும், ஆங்கிலத்தில் தொடங்கினால் புன்னகைதான் பதில். நாற்பதுகளில் இருப்பவர் நூக்கில் மூன்று மொழியும் பேசக்கூடும், வெளியூரில் எதுவும் உறுதியில்லை. இருபதுகளில் இருப்பவர்களிடம்தான் புதிய திருப்பம். கைப்பேசியிலும் விளையாட்டிலும் யூடியூபிலும் வளர்ந்தவர்கள் இவர்கள். பள்ளி டேனிஷைவிட இணைய ஆங்கிலம் நாக்கில் எளிதாக வருகிற இளைஞர்களை மேற்குக் கரை நகரங்களில் அடிக்கடி பார்க்கலாம். கலாலிசுத் நன்றாக வரும், ஆங்கிலம் வரும், டேனிஷில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் திணறுவார்கள்.

இதற்கும் ஒரு கம்பி காரணம். கனடாவையும் ஐஸ்லாந்தையும் நூக்கோடு இணைத்த கடலடி இணையக் கேபிள் 2009இல் வந்தது. கேபிள் தொட்ட மேற்குக் கரை நகரங்களில் காணொளி தங்கு தடையின்றி ஓடியது. கிழக்குக் கரையும் வடகோடியும் செயற்கைக்கோளை நம்பி மெதுவான, விலை கூடிய இணையத்தோடு வெகுகாலம் இருந்தன. ஆங்கிலம் பள்ளியில் அல்லாமல் திரையில் கற்கப்படும் நாட்டில், இணைய வேகம் எங்கே குறைகிறதோ அங்கே ஆங்கிலமும் குறையும். இன்னொன்றும் உண்டு. டென்மார்க் வழியாக வரும் வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் டப்பிங் செய்யும் வழக்கம் குறைவு, டேனிஷ் வசன வரிகளோடு ஆங்கிலத்திலேயே ஓடும். எனவே கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், பேசும் திறனைவிடப் பல படி மேலே இருக்கும். எதிரே இருப்பவர் பேசவில்லை என்பதற்காக அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பயணிகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போய்வந்தவர்களில் பலர் 'அங்கே எல்லோரும் அருமையாக ஆங்கிலம் பேசுகிறார்கள்' என்று எழுதுவார்கள். அவர்கள் பேசியது யாரோடு என்று பார்க்க வேண்டும். இலுலிசாட்டில் கோடைகாலத்தில் படகுச் சுற்றுலா நடத்தும் வழிகாட்டிகளில் கணிசமானவர்கள் டென்மார்க்கிலிருந்தோ மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தோ பருவ வேலைக்கு வந்தவர்கள். ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர் டேனிஷ்காரராக இருக்கலாம். சமையலறையிலும் கஃபேயிலும் துப்புரவிலும் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாட்டினர் நிறையப் பேர். நார்டிக் நாட்டவரை விட்டுப் பார்த்தால் கிரீன்லாந்தில் வாழும் வெளிநாட்டவரில் இவ்விரு நாட்டினரே முன்னணியில் இருக்கிறார்கள். இவர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் பாலம் ஆங்கிலம்தான். ஆகவே சுற்றுலாப் பாதையில் காதில் விழும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி கிரீன்லாந்துக்காரர் பேசுவதே அல்ல. சுற்றுலாக் கடையைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போனால் நிலவரம் தெரிந்துவிடும்.

நூக்கிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. தோற்றத்தில் இன்யூட்டாக இருக்கும் ஒருவருக்கு கலாலிசுத் தெரியும் என்று முடிவு கட்டிவிட முடியாது. டேனிஷ் பேசும் வீட்டில் வளர்ந்து, டேனிஷ் மட்டுமே தெரிந்த கிரீன்லாந்துக்காரர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். யாருக்கு எந்த மொழி என்பது அங்கே மனம் நோகக்கூடிய விஷயம். 'உங்களுக்கு ஏன் உங்கள் மொழி தெரியாது' என்று கேட்பது தவறு. 2023 மே மாதம் டென்மார்க் நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்து உறுப்பினர் அக்கி-மடில்டா ஹோ-டாம் தன் உரையை கலாலிசுத்திலேயே நிகழ்த்தி, டேனிஷில் திரும்பச் சொல்ல மறுத்தார். இந்தச் சூட்டுக்கு நடுவில் வெளியாள் பேசும் ஆங்கிலம் ஒருவகையில் யார் பக்கமும் சாராதது. அந்த வசதி நமக்கு உண்டு.

இனி காரியம் காரியமாகப் பார்ப்போம். விமானத்தில் அறிவிப்பு கலாலிசுத், டேனிஷ், ஆங்கிலம் என்ற வரிசையில் வரும், ஆங்கிலம் கடைசியாகவும் சுருக்கமாகவும் இருக்கும். மூடுபனியால் பயணம் தள்ளிப்போவது அங்கே அன்றாடம். முதல் இரண்டு மொழியில் அறிவிப்பு வந்ததும் கூட்டம் எழுந்து போனால், ஆங்கிலத்துக்குக் காத்திராமல் நேரே கவுண்டருக்குப் போய்க் கேளுங்கள். 2024 நவம்பர் 28 அன்று நூக்கின் புதிய பெரிய ஓடுதளம் திறந்தது, 2025 கோடையில் நியூயார்க் அருகே நெவார்க்கிலிருந்து நேரடி விமானம் வந்தது. அதன் பிறகு நூக் விமான நிலையத்தில் ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. கிராமங்களின் ஹெலிகாப்டர் தளத்தில் கதை வேறு. அங்கே பயணச்சீட்டையும் பெயரையும் காகிதத்தில் காட்டுவதே வேகம்.

கடையில் பேச வேண்டிய தேவை குறைவு, படிக்க வேண்டிய தேவை அதிகம். நகரங்களில் பிசிஃபிக், புருக்செனி, கிராமங்களில் பிலெர்சுயிசோக் என்பவை முக்கியக் கடைகள். சரக்கில் பெரும்பகுதி டென்மார்க்கிலிருந்து கப்பலில் வருவதால் பொட்டலத்தின் மேல் டேனிஷ்தான் இருக்கும், பக்கத்தில் சில சமயம் ஸ்வீடிஷும் நார்வேஜியனும். ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை டேனிஷிலிருந்து மொழிபெயர்க்கும்படி வைத்துக் காட்டினால் உட்பொருள் பட்டியல் தெளிவாக வந்துவிடும். டேனிஷ் தொகுப்பை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 2024இல் கூகுள் மொழிபெயர்ப்பு கலாலிசுத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு வாக்கியமே ஒற்றைச் சொல்லாக நீளும் அந்த மொழியில் அதன் தரத்தை நம்பி மருத்துவரிடமோ வக்கீலிடமோ பேசக் கூடாது. பெயர்ப்பலகையின் பொருள் தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவே.

உணவகத்தில் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தாலும் உள்ளூர் உணவின் பெயர்கள் கலாலிசுத்திலேயே நிற்கும். மட்டாக் என்றால் திமிங்கலத் தோலும் அதன் கொழுப்பும். துட்டு கலைமான், உமிம்மாக் கஸ்தூரி எருது, சுவாசட் பெரும்பாலும் கடல்நாய் இறைச்சி போட்ட சூப். சைவ உணவுக்காரர்கள் 'நான் வெஜிடேரியன்' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாமல், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சி வேகவைத்த நீரும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்வது நல்லது. வேட்டையையும் மீனையும் நம்பி வாழும் நாட்டில் மீன் தவிர்ப்பு என்பது தானாக விளங்கும் செய்தி இல்லை.

பேச்சில் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எண்தான் முதல் கண்ணி. கலாலிசுத்தில் அன்றாடப் பேச்சில் பன்னிரண்டுவரைதான் சொந்த எண்கள், அதற்கு மேல் டேனிஷ் எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். டேனிஷில் ஒன்றின் இலக்கம் முன்னால் வரும்: 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்பார்கள். அதை மனதுக்குள் ஆங்கிலமாக்கும்போது 25, 52 ஆக இடம் மாறி வந்துவிடும். விலை, கதவு எண், கைப்பேசி எண் எதையும் காதால் வாங்காமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இதைவிட ஆபத்தானது மணி. டேனிஷில் 'அரை பத்து' என்றால் ஒன்பதரை. பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் அதே சொற்களுக்கு பத்தரை என்று பொருள். படகு 'ஹாஃப் டென்' புறப்படும் என்று ஒருவர் சொன்னால், அவர் டேனிஷில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று கொண்டு 9.30க்கு அங்கே இருங்கள். 24 மணிக் கணக்கில் எழுதிக் கேட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கலாலிசுத்தில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் பேசும்போது 'ஹீ', 'ஷீ' மாறி மாறி வரும். மனைவியைப் பற்றிப் பேசுகிறாரா மைத்துனனைப் பற்றியா என்று குழம்பினால் பெயரைக் கேட்டுக்கொள்ளலாம். எதிர்மறைக் கேள்விகளை அறவே விடுங்கள். 'இன்று படகு இல்லையா' என்று கேட்டால் 'ஆம்' என்ற பதில் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாது. 'இன்று படகு உண்டா' என்று கேளுங்கள். பதில் வாயிலிருந்துதான் வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. கேள்வி கேட்டபின் கொஞ்சம் காத்திருப்பதும் அவசியம். அமைதி அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. பதில் வரவில்லை என்று அதே கேள்வியை வேறு சொற்களில் மூன்று முறை கேட்டால், எதிரே இருப்பவர் முதல் கேள்விக்குத் தேடிக்கொண்டிருந்த ஆங்கிலச் சொல்லும் கலைந்துபோகும். 'தொந்தரவு இல்லையென்றால் கொஞ்சம் சொல்ல முடியுமா' என்ற பாணியில் சுற்றி வளைக்கும் ஆங்கிலத்தையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் பணிவு என்று பழகியது அங்கே புதிராகிவிடும். குட்டி வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.

மருத்துவமனையில் ஆங்கிலப் பயணிக்கு எதிர்பாராத சாதகம் உண்டு. நூக்கின் மத்திய மருத்துவமனையிலும் நகர மருத்துவ நிலையங்களிலும் மருத்துவர்களில் பெரும்பாலோர் டென்மார்க்கிலிருந்தும் அக்கம்பக்க நாடுகளிலிருந்தும் குறுகிய காலப் பணிக்கு வருபவர்கள். அவர்களுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். மருத்துவரோடு உள்ளூர் நோயாளி பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்க, வெளிநாட்டுப் பயணி நேராகப் பேசிவிடுவார். கிராமத்தில் இது தலைகீழ். அங்கே இருப்பது மருத்துவர் அல்ல, அடிப்படைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர். அவரிடம் ஆங்கிலத்தை எதிர்பார்க்க முடியாது. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, நோய் விவரம் ஆகியவற்றை டேனிஷில் ஒரு தாளில் அச்சடித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். பணியாளர் அதை நகரத்து மருத்துவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டவோ படம் எடுத்து அனுப்பவோ முடியும்.

அரசு அலுவலகத்தில் இரு மொழிதான்: கலாலிசுத், டேனிஷ். சட்டங்களும் படிவங்களும் பொதுமக்களுக்கான இணைய வாசலும் இவ்விரண்டிலும் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் ஆங்கிலத்தில் விளக்குவார், ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய தாள் டேனிஷில் வரும். கிரீன்லாந்தின் நாடாளுமன்றத்தில் 31 உறுப்பினர்கள், உடனடி மொழிபெயர்ப்பு நடப்பது இவ்விரு மொழிகளுக்கு இடையில். நீதிமன்றமும் அப்படியே. தங்கி வாழப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் தீர்ந்துபோகும் எல்லை இதுதான்.

வேலை விஷயத்தில் துறைக்குத் துறை வேறுபாடு. ஹோட்டல், சமையல், துப்புரவு, மீன் பதனிடும் ஆலை ஆகியவற்றில் ஆங்கிலத்தோடு சேர முடியும். சுரங்கத்திலும் கனிம ஆய்விலும் பெரும்பாலும் ஆங்கிலம்தான் வேலைமொழி, ஏனெனில் கம்பெனிகள் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் பக்கத்தவை. பனி ஆராய்ச்சி, கடல் உயிரியல் போன்ற துறைகளிலும் ஆய்வாளர்களுக்குள் ஆங்கிலமே. ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர், கணக்காளர், அரசு அதிகாரி ஆகிய வேலைகளுக்கு டேனிஷ் இல்லாமல் கதவு திறக்காது, மேல் பதவிக்குப் போகப் போக கலாலிசுத்தும் கேட்பார்கள்.

ஆங்கிலத்தை டேனிஷின் இடத்தில், முதல் அயல்மொழியாக வைத்துவிடலாம் என்ற யோசனை கிரீன்லாந்து அரசியலில் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. உலகத்தோடு நேராகப் பேசலாம், பழைய ஆளுகையின் நிழலும் விலகும் என்பது அதன் ஈர்ப்பு. நடைமுறையில் அது எளிதில்லை. மேல்நிலைப் பள்ளிகள் டேனிஷில் நடக்கின்றன. உயர்கல்விக்கு இளைஞர்கள் பெருவாரியாகப் போவது டென்மார்க்குக்கு, அங்கே அவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மருத்துவர், பொறியாளர், நீதித்துறை, பாடநூல் எல்லாம் டேனிஷ் வழி வருகின்றன. மொழியை மாற்றினால் இத்தனை குழாய்களையும் மாற்ற வேண்டும். என் பார்வையில் இதைவிடக் கனமான காரணம் நுனாவுட்டும் அலாஸ்காவும். டேனிஷ் உலகில் அறுபது லட்சம் பேர் பேசும் சிறிய மொழி. அதன் தொலைக்காட்சியும் விளையாட்டுகளும் ஒரு குழந்தையை முழுதாக இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆங்கிலம் அப்படி இல்லை. டேனிஷோடு முந்நூறு ஆண்டு வாழ்ந்தும் கலாலிசுத் பிழைத்தது. ஆங்கிலத்தோடு நூறு ஆண்டுகளில் அக்கம்பக்கத்து இன்யூட் மொழிகள் என்னவாயின என்பது அவர்கள் கண்முன்னே இருக்கிறது. 2025இல் அமெரிக்க அதிபர் தீவைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பேசியபின், ஆங்கிலத்துக்கு முன்பிருந்த அந்த நடுநிலைப் பூச்சும் கொஞ்சம் உரிந்திருக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரீன்லாந்து ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்குள் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருந்தாலும் போதாது, டேனிஷ் அதிகாரிகள் வழங்கும் விசாவில் கிரீன்லாந்துக்கும் செல்லுபடியாகும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபன்ஹேகனிலோ ஐஸ்லாந்திலோ விமானம் ஏறும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலேயே நிரப்பலாம்.

ஓராண்டுக்கு மேல் தங்குவதானால் எந்த மொழியை முதலில் கற்பது? நூக்கில் அலுவலக வாழ்க்கை என்றால் டேனிஷ். ஆங்கிலம் தெரிந்தவருக்கு டேனிஷ் எழுத்தைப் படிக்கச் சில மாதங்களில் வந்துவிடும், உச்சரிப்புத்தான் படுத்தும். சிறு ஊர் அல்லது கிராமம் என்றால் கலாலிசுத்தில் வணக்கம், நன்றி, பெயர் சொல்லுதல் என்று முதல் நாளிலிருந்தே தொடங்கிவிட வேண்டும். சரளமாகப் பேச ஆண்டுகள் ஆகும், ஆனால் முயல்கிறார் என்பது தெரிந்தால் எதிரே இருப்பவரும் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தைக் கூச்சமின்றி எடுத்துவிடுவார். தமிழரில் இந்த விஷயத்தில் முன்னே நிற்பவர்கள் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர். டேனிஷ் கல்வி, டேனிஷ் குடியுரிமை இரண்டும் இருந்தால் விசாவும் வேலை அனுமதியும் வேண்டியதில்லை. செவிலியர், மருத்துவர், ஆசிரியர் பணிகளுக்கு கிரீன்லாந்து ஆண்டு முழுவதும் டென்மார்க்கில் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறது.